ஐயாவின் தோல்விக் கொப்பி

என் அன்பு ஐயாவுக்கு,

நான் குடியேறிய வில்லரேயில் எங்கள் வெளிப்படிகளில் பனி உருகிவிட்டது. எண்பத்தாறு வயதிலும் பேருந்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நிற்கிறேன். அது நீங்கள் பழக்கியது.

நம் ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர்கள் இங்கே உங்கள் நினைவாக ஒரு மலர் வெளியிடுகிறார்கள். ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன் நீங்கள் மைதானத்தில் இறங்கிய நாளிலிருந்து எழுதித் தரும்படி மகனான என்னிடம் கேட்டார்கள். கிரிக்கெட், உதைபந்தாட்டம், ஓட்டப் போட்டிகள், எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒருவரே பயிற்றுநர். எனக்கு எழுதத் தெரியுமா என்று தெரியவில்லை. நீங்கள் போட்டிகளைக் குறித்து வைத்த பழைய கொப்பியை எடுத்தேன்.

அதில் வெற்றி ஒன்றுகூட இல்லை. தோற்ற போட்டிகள் மட்டும்தான். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி. 'என் பிழை: ஈர மைதானத்தில் பழக்கவில்லை.' 'என் பிழை: பந்து வீசுபவனுக்கு ஓய்வு கொடுக்கவில்லை.'

பழைய மாணவர் சங்கச் செயலாளர் ஜெயராஜ், இதே நகரின் சென்ட் லோரன்ட்டில் வேலை முடிந்து வந்தவர், பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். நானும் ஆசிரியனாக இருந்ததால் அவருக்கு நான் மாஸ்டர்.

“மாஸ்டர், தோத்ததை மட்டும் போட்டால் சனம் என்ன நினைக்கும்? வெண்ட மெச் நாலைஞ்சையும் போடுங்கோவன்.”

“அவர் எழுதேல்லையே, தம்பி.”

“அப்ப நீங்கள் எழுதுங்கோ. உங்களுக்குத் தெரியாததே?”

எனக்குத் தெரிந்தது வேறு. அவர் போன பிறகு, இத்தனை வருடமும் திறக்கப் பயந்த கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். நீங்கள் ஓய்வுபெற்ற வருடத்து அஞ்சலோட்டம், நாங்கள் நால்வர் கோலைக் கைமாற்றி ஓடியது. 'என் பிழை: கோல் மாற்றப் பழக்கியது போதாது.'

ஐயா, அது உண்மையில்லை. ஒரு மாதம், ஒவ்வொரு பின்னேரமும் பழக்கினீர்கள். கையைப் பின்னால் நீட்டு, வேறெங்கும் பார்க்காதே என்றீர்கள். போட்டியன்று நான் நீங்கள் இருந்த பந்தல் பக்கம் பார்த்தேன், நீங்கள் என்னைப் பார்க்கிறீர்களா என்று. கை விலகியது, கோல் விழுந்தது. மூன்றாவதாக ஓடிய செல்வம்தான் சரியாகக் கொடுக்கவில்லை என்று கல்லூரி முழுக்கப் பேசினார்கள். நான் வாய் திறக்கவில்லை. அன்று வீட்டில் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: “சாப்பிட்டியோ?”

நீங்கள் கண்டீர்களா, ஐயா? கண்டுதான் அப்படி எழுதினீர்களா?

தோல்விகளை நீங்கள் எழுதியபடியே மலருக்காகப் பிரதி எடுத்தேன். கடைசி வரியின் கீழ் மட்டும், 'இல்லை, என் பிழை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஜெயராஜ் வாசித்தார். இம்முறை சிரிக்கவில்லை.

“செல்வம் அண்ணையும் மலர் வெளியீட்டு விழாவுக்கு வாறார், மாஸ்டர்.”

“ஓம். அதுதான் பயம்.”

செல்வம் இப்போது நகரின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் மகளோடு இருக்கிறான். அங்கே பேருந்து குறைவு. நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். மலர் அவன் கைக்குப் போகுமுன் நான் அவன் வாசலுக்குப் போவேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். நீங்கள் பார்க்கிறீர்களா என்று இந்த முறை திரும்பமாட்டேன்.

உங்கள் மூத்த மகன்,
நான்காவதாக ஓடியவன்