இசக்கிபாண்டிக்கு வந்த திட்டு

ஜூன் 9, திங்கள்

கேன்டீனில் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். சாப்பாடு வாங்கும்போது கார்டைத் தட்டுகிறோம் அல்லவா, அதை வைத்து யார் எதைத் தின்றான் என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்குமாம். மறுநாள் காலை அவனவன் போனுக்கு ஒரு வீடியோ வரும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, நேற்று நீ தின்றது இது, இன்று இதைக் குறை என்று சொல்லும்.

வீடியோவில் பேசுவது என் மகள் ஷெர்லின். கேன்டீன் நடத்தும் கான்ட்ராக்ட் கம்பெனியில் உணவு ஆலோசகர். எங்கள் பிளான்ட் ஆட்கள் அத்தனை பேர் பெயரையும் உட்கார்ந்து சொல்லிப் பதிவு செய்திருக்கிறாள். வீட்டில் என்னிடம் பேசுவது "தள்ளுங்க, கதவ சாத்தணும்" என்பது மட்டும்.

ஈஸ்டர் அன்று வந்த வினை. சுகர் முந்நூறைத் தொட்டவனுக்குக் கேக் எதற்கு என்று விருந்தாளிகள் எதிரில் என் கையிலிருந்து பிடுங்கினாள். "பெத்தவனுக்கே கிளாஸ் எடுக்கறியா?" என்று கத்தினேன். அன்றோடு என் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 10

போன் கேட்கிறது: உங்களை எப்படிக் கூப்பிடலாம்? அண்ணா, மாமா, அப்பா, சார். ஒன்றை அமுக்க வேண்டுமாம்.

என் மகள் என்னை அப்பா என்று கூப்பிட நான் பட்டன் அமுக்க வேண்டுமா? அமுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மாலை டீக்குப் பரோட்டா. என் கார்டில் தின்றால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஜெயித்தவன் தோற்கலாமா?

எங்கள் லைனில் கார்டு மாற்றிக்கொள்வது புதிதில்லை. முட்டை தின்னாதவன் கார்டை முட்டைப் பைத்தியம் பிடித்தவன் வாங்கிக்கொள்வான். நான் பக்கத்து மெஷின் இசக்கிபாண்டியிடம் கேட்டேன். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன். பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் அங்கே. இவன் பிள்ளைப்பாக்கத்தில் நாலு பேரோடு ஒரு ரூமில். அவனுக்குச் சுண்டலும் தயிர்சாதமும் போதும்.

"இந்தாங்க அண்ணாச்சி, எனக்கென்ன போச்சு" என்று கார்டை நீட்டினான். என் கார்டில் அவன் சுண்டல் வாங்கினான். அவன் கார்டில் நான் பரோட்டா, சால்னா.

ஜூன் 13

என் வீடியோ: "செல்வநாதன் அவர்களே, நேற்றைய உங்கள் உணவு மிக நன்று. தொடருங்கள்." பேங்க்கிலிருந்து பேசுகிற மாதிரி. பட்டன் அமுக்காதவனுக்கு 'அவர்களே'தானாம்.

இசக்கிபாண்டி தன் போனில் காட்டியது: "இசக்கிபாண்டி அப்பா, இன்னாப்பா இது, டீயோட மூணு பரோட்டாவா? உடம்பு இன்னாத்துக்கு ஆவும்? இன்னிக்கு எனக்காக ஒண்ணோட நிறுத்திக்கங்க, சரியா?"

அவன் அப்பாவை அமுக்கியிருக்கிறான்.

தின்றது நான். திட்டு அவனுக்கு. அதுவும் 'எனக்காக'. எனக்காகவாம்!

ஜூன் 17, செவ்வாய்

இடைவேளையில் காதில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கிறான். சிரிப்பு வேறு. இன்று என்னிடம், "அண்ணாச்சி, இன்னைக்கு ஜாமூனும் சேத்து வாங்குங்க. பாப்பா என்ன சொல்லுதான்னு பாப்போம்" என்றான்.

என் மகளிடம் திட்டு வாங்க என் வயிற்றையே ஏவுகிறான். வாங்கித்தான் கொடுத்தேன், அதாவது தின்றேன்.

ஜூன் 19

பொறாமையில் தின்றால் பரோட்டாவும் அட்டைதான்.

ஜூன் 20, வெள்ளி

அதிகம் தின்கிறவர்களை ஷெர்லின் நேரில் கூப்பிட்டுப் பேசுகிறாள். கேன்டீன் மூலை மேஜையில் அவளும் இசக்கிபாண்டியும். ஒரு தாளில் தட்டு வரைந்து, பாதிக்குக் காய் என்று கோடு போட்டுக் காட்டினாள். அவன் ஏதோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ஈஸ்டருக்கு முன்னால் பார்த்தது.

தண்ணீர் பிடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் இரண்டு முறை போனேன். பாட்டில் நிறைந்து வழிந்ததுதான் மிச்சம். அவள் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அன்னபுஷ்பம் கேட்டாள்: "இன்னா, மூஞ்சி கருவாடு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல."

"பொண்ணாண்ட பேசணும்னா பேசிட்டுப் போயேன். அதுக்கு ஏன் என் கொழம்ப முறைக்கற?"

ஜூன் 24, செவ்வாய்

இசக்கிபாண்டிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சுகர் கொஞ்சம்கூட இல்லை. இவ்வளவு தின்கிற மனுஷனுக்கு எப்படி என்று ஷெர்லின் துருவித் துருவிக் கேட்டாளாம்.

"நான் வாயத் தொறக்கல அண்ணாச்சி. நீங்க பயப்படாதீங்க."

அப்போதுதான் கேட்டேன். "ஏம்ப்பா, திட்டு வாங்கறதுல உனக்கு இன்னா அவ்ளோ சந்தோசம்?"

மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "ரூம்ல நான் தின்னேனா, பட்டினியாக் கெடந்தேனான்னு கேக்க நாதியில்ல. ஊருக்குப் போன் போட்டா ஸ்கூல் பீஸப் பத்திதான் பேச்சு. பாப்பா ஒண்ணுதான் நான் என்ன தின்னேன்னு கேக்கா."

நான் தின்றதைத்தானே கேட்கிறாள், உன்னை எங்கே கேட்டாள் என்று நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

எனக்குக் கேட்க ஆள் இருந்தது. கத்தி விரட்டிவிட்டேன். எவ்வளவு பெரிய வெற்றி.

ஜூன் 25

என் கார்டிலேயே பரோட்டா வாங்கினேன். ஜாமூனும்.

ஜூன் 26

"செல்வநாதன் அவர்களே, நேற்றைய உங்கள் உணவு கவலை அளிக்கிறது."

கவலை அளிக்கிறதாம். இதற்குப் பாராட்டே தேவலை.

பட்டனை அமுக்கிவிட்டேன். அப்பா.

ஜூன் 27, வெள்ளி

"செல்வநாதன் அப்பா, இன்னாப்பா இது..."

பெற்ற அப்பனை எந்தப் பெண் பேர் சொல்லி அப்பா என்பாள்? அதே குரல், அதே இழுப்பு. ஒரு தடவை சொல்லிவைத்த அப்பாவை எல்லோர் பேருக்குப் பின்னாலும் ஒட்டுகிறார்கள்.

கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் முன்னால் போனை நீட்டினேன். "இது ஊருக்கெல்லாம் சொல்ற அப்பா. எனக்கு இது வாணாம்."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "உங்களுக்குச் சொன்னா கத்துவீங்க."

"இனிமே கத்தமாட்டேன்."

"சத்தியமா?"

"கொஞ்சமா கத்துவேன்."

சிரிப்பை அடக்கினாள். அந்தத் தெம்பில் கார்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். முகம் மாறிவிட்டது. "நீங்க சுண்டல் சாப்ட்டீங்கன்னு வந்தப்பவே நான் நம்பல. பாவம் அந்த அண்ணன், ஊசி குத்தவெச்சிட்டீங்க. உங்களுக்கு எதுனா ஆனா நான் யாராண்ட போய்க் கத்தறது?"

பஸ் ஹார்ன் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

ஜூலை 6, ஞாயிறு

கோயில் முடிந்ததும் இசக்கிபாண்டியை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஷெர்லின்தான் கூப்பிடச் சொன்னாள். மீன் குழம்பு. அவன் தட்டில் கேட்காமலே இரண்டாவது துண்டு விழுந்தது, சோறும் குவிந்தது. என் தட்டிலிருந்து பாதிச் சோற்றை வழித்தெடுத்துக்கொண்டு கீரையை வைத்தாள்.

"இது அநியாயம்" என்றேன்.

"அவருக்குச் சுகர் இல்ல. உங்களுக்கு இருக்கு. பேசாம சாப்புடுங்கப்பா. மாத்திரை போட்டீங்களா? எங்க, அட்டையக் காட்டுங்க."

பைக்குள் தேடினேன். போடவில்லை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்; அன்னபுஷ்பம் வேறு சேர்ந்துகொண்டாள்.

இசக்கிபாண்டி குவிந்திருந்த தன் தட்டை விட்டுவிட்டு, சோறு குறைந்த என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.