வண்டி வீட்டுக்கு ஒரு டிவி

செவ்வாய்க்கிழமை, இரவு.

எனக்கு எழுத வராது. பேசினால் இந்த ஃபோனே எழுதிக்கொள்கிறது.

மனைவி படுக்கையில் விழுந்ததும் மகன்கள் எங்களைப் பங்கு போட்டார்கள். அவள் சின்னவன் வீட்டுக்கு, நான் பெரியவன் வீட்டுக்கு. விடுவேனா? லோடு வண்டி ஓட்டிய கை இது. ஆடுகளை விற்றுப் பழைய வேன் ஒன்று வாங்கினேன். கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கி அவளையும் ஏற்றிக்கொண்டேன். டிவிதான் பாக்கி இருந்தது.

இன்று அருப்புக்கோட்டைக் கடையில் ஒவ்வொரு டிவிக்கும் பக்கவாட்டில் தரையில் படுத்துப் பார்த்தேன். அவளால் இடப்பக்கம் மட்டும்தான் திரும்ப முடியும்; வேனில் டிவிக்கு இடமோ கால்மாட்டில், சாய்வாகத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பெரிய டிவியில் முகமெல்லாம் கறுத்துத் தெரிந்தது. சின்னது தெளிவாக இருந்தது. வேன் பேட்டரியிலேயே ஓடும் என்றார்கள். அதையே எடுத்தேன்.

சின்னவன் கடைக்கே வந்துவிட்டான்.

"ஊரே சிரிக்குதுப்பா. எங்க வீட்டுல இல்லாத டிவியா?"

"டிவி இருக்கு. எனக்குத்தானே அங்க இடமில்ல? சிரிக்கிறவுகள வேனுக்கு வரச் சொல்லு, டீ போட்டுத் தாரேன்."

வீம்பாகப் பேசிவிட்டேன். ஆனால் வேனில் இருக்கச் சம்மதமா என்று அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகன் பக்கம் சாய்ந்துவிடுவாளோ என்று உள்ளுக்குள் பயம்.

இப்போது பரளச்சிக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தியிருக்கிறோம். சற்றுமுன் சின்னவன் ஃபோன் செய்தான்.

"அம்மாகிட்ட குடுங்க. எங்க இருக்கணும்னு அவுகளே சொல்லட்டும்."

அவள் காதில் வைத்தேன்.

"படம் ஓடுதுய்யா. நாளைக்குப் பேசு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சத்தத்தக் கூட்டுங்க" என்றாள்.

வேனே அதிரும்படி கூட்டினேன்.