கப்பல் போய்ச் சேரட்டும்

ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

உன் சரக்குக் கப்பல் இன்று காலை நல்லபடியாகக் கிளம்பிவிட்டது. விண்வெளி நிலையத்தில் இருக்கிற உனக்கு முன்பே தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கிறவளுக்கு வேறென்ன வேலை? சந்து பொந்தெல்லாம் பஸ் ஓட்டும்போது வழுக்காத கால், நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கியது. கூட வேலை பார்க்கும் டிரைவர்கள் எல்லாரும் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். டிப்போ மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. டிவியைக் கட்டில் பக்கம் திருப்பி மாட்டி, கப்பல் கிளம்புவது தெரிகிற மாதிரி செய்து கொடுத்தார். ராக்கெட் எழும்பியபோது நான் போட்ட கூச்சலில், மாடிவீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடி வந்தார்.

அந்தக் கப்பலில் உனக்குப் புதுச் சட்டைகள் வருகிறதாமே? துவைக்க வழியில்லாத ஊர்! குளிக்கச் சொன்னால் கட்டிலுக்கடியில் ஒளிந்த பயல், தேடிப் பிடித்துத்தான் போயிருக்கிறாய்.

உன் அக்கா

திங்கள்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். கமாண்டர் சிரித்த சிரிப்பில் மிதந்து போய்த் தலையை இடித்துக்கொண்டார். குளியல் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

சட்டையைவிட முக்கியம், கப்பலில் வரும் கழிவறைப் பம்பு. இங்கே இருப்பது கிழவனைப் போல இருமிக்கொண்டிருக்கிறது. புதன்கிழமை கப்பல் பக்கத்தில் வந்து நிற்கும். எந்திரக் கையை நீட்டி அதைப் பிடிக்கவேண்டியது நான்தான். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பம்பு இருக்கிற நிலைமையில் அது நல்லதில்லை.

ஒன்று கேட்கட்டுமா? மெக்கானிக் டிவி மாட்டினார், சரி. அதற்கு முந்தைய கடிதத்தில் ஜன்னல் கொக்கி. அதற்கும் முந்தியதில் சக்கர நாற்காலிக்கு எண்ணெய். நம் வீட்டில் அவ்வளவு ரிப்பேரா?

தம்பி

செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

கப்பலின் பெரிய என்ஜின் பாதியில் நின்றுவிட்டதாமே! நாளைக்கு வராது என்கிறார்கள். பிறகு எப்போது என்றால் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்கிறார்கள். பஸ் நடுவழியில் நின்றால் நானும் பயணிகளிடம் அதையேதான் சொல்வேன். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வீட்டில் ரிப்பேர் ஒன்றும் இல்லை. போன வாரம் அவர் கேட்டார்: "உங்களுக்கும் துணை இல்ல, எனக்கும் துணை இல்ல. நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?" எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு கால் எப்படியும் ஓடாது. "கப்பல் போய்ச் சேரட்டும், சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

அம்மா அப்பா போனபிறகு உன்னை ஆளாக்குவதிலேயே காலம் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த வயதில் ஊர் சிரிக்காதா? நீ என்ன நினைப்பாய்?

இங்கே அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! டிவி முன்னால் உட்கார்ந்து, "ஸ்டார்ட் ஆகித் தொலையேன்" என்று கப்பலிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

அக்கா

புதன்

அன்புள்ள அக்கா,

என்ஜின் கெடவில்லையாம். அதைக் கண்காணிக்கிற கருவி சும்மா பயந்துபோய் நிறுத்திவிட்டது. நாளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓடினால் வெள்ளிக்கிழமை இங்கே வரும். ஓடாவிட்டால் பம்பும் இல்லை, சட்டையும் இல்லை.

ஊர் சிரிக்குமா என்கிறாய். இப்போதுதான் நம் ஊருக்கு மேலே கடந்து போனேன். ஜன்னலில் கட்டைவிரலை வைத்தேன், ஊரே மறைந்துவிட்டது. அவ்வளவுதான் அது.

சம்மதிப்பதும் மறுப்பதும் உன் இஷ்டம். ஆனால் என்னைக் காரணம் காட்டி மறுக்காதே, அக்கா. நீ வளர்த்தது போதும். நான் வளர்ந்து மேலேயே வந்துவிட்டேன்.

தம்பி

வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

பிடித்துவிட்டாய்! எந்திரக் கை மெதுவாக, மெதுவாகப் போய்க் கப்பலைப் பற்றியதும் நான் சக்கர நாற்காலியிலேயே குதித்தேன். மாடிவீட்டுக்காரர் இந்த முறை வாளி இல்லாமல் வந்து கை தட்டினார்.

மெக்கானிக்கிடம் என் பதிலை நேற்றுக் காலையே சொல்லிவிட்டேன். என்ஜின் ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாத நேரம். பதில் சொல்கிறேன் என்றதும், "கப்பல் இன்னும் சேரலையே" என்றார். "அது சேராட்டியும் இதுதான் பதில். எனக்குச் சம்மதம்" என்றேன். மனுஷர் கையிலிருந்த டீயை மேலே கொட்டிக்கொண்டார். அதன்பிறகு என்ஜின் எப்போது ஓடியது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. டிவி அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

கட்டுப் பிரித்ததும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். "தம்பி இறங்கி வர்ற வரைக்கும் பொறுக்கலாமே" என்றார். நான் முடியாது என்றுவிட்டேன். உனக்காகக் காத்திராமல் நான் செய்யப்போகிற முதல் காரியம் இது. கோபமா? கோபமென்றாலும் பரவாயில்லை. மெதுவாக இறங்கி வந்து சண்டை போடு.

அன்புடன்,
அக்கா