ஒரு காலை இழுத்து நடக்கும் ஒலி

மார்ச் 3, செவ்வாய்

பதினான்கு மாடிகளை நாள் முழுக்க ஏற்றி இறக்கிவிட்டு வீடு திரும்பினேன். லிஃப்ட் மெக்கானிக் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பொறாமை.

வழியில் அக்கா வீட்டில் எட்டிப் பார்த்தால், இரண்டு வல்லரசுகள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு ஆளுக்கொரு அறையில். காரணம், உள்ளங்கை அளவு ஒரு நீலத் தகரப் பெட்டி. அதன் ஒரு மூலை மட்டும் நெளிந்திருக்கும்.

அக்காவின் ஓவர்டிரைவ் பெடல். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டிக் காலால் மிதித்தால் போதும், அதுவரை சாதுவாகப் பேசிக்கொண்டிருந்த கிட்டார் தொண்டை கட்டிய சிங்கமாகிவிடும். அக்கா மேடையில் வாசித்த காலத்திலிருந்து கூடவே இருப்பது. இன்றும் மாலையில் அரை மணி நேரம் அதை மிதிக்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

பட்டாணி அதைக் கேட்கிறாள். பட்டாணி, அக்கா மகள். வயது இருபத்தொன்று, உயரம் என்னைவிட அரை அடி கூடுதல். பெயர் மட்டும் பிறந்த அன்று நான் வைத்தது. தொலைதூர நகரத்தில் ஒரு இசைக் குழு அவளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அவள் அனுப்பிய ஒலிப்பதிவு முழுக்க இந்தப் பெட்டியின் குரல்தான். "இது இல்லேன்னா அவங்க கேட்ட ஆளே நான் இல்ல" என்கிறாள். இருபத்தொன்றாம் தேதி கிளம்ப வேண்டும். அக்கா தர மாட்டேன் என்கிறாள். மூன்று நாளாகப் பேச்சில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் தூது நான்தான்.

இதற்கு ஓர் இரட்டைப் பிறவி செய்து தருகிறேன் என்று கூடத்தின் நடுவில் நின்று முழங்கினேன். பட்டாணி கதவைத் திறந்தாள். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இதைத் திறக்கக் கூடாது. உன் ஸ்க்ரூ டிரைவர் இந்தப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளியே இருக்கணும்."

என்ன அவமானம்! திறக்காமல் எப்படி? கேட்டுக் கேட்டே செய்வேன். காது எதற்கு இருக்கிறது?

மார்ச் 6, வெள்ளி

அந்த மாடலின் சர்க்யூட் படம் கிடைத்துவிட்டது. உதிரி பாகங்களும் வாங்கியாயிற்று. சாப்பாட்டு மேசையில் தொழிற்சாலை திறந்தேன். மனைவி தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குக் குடிபெயர்ந்தாள். மேதைகளின் வீடுகளில் இது சகஜம்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் சோதனை. பட்டாணி பழையதில் ஒரு தடவை, என்னுடையதில் ஒரு தடவை வாசித்தாள். "நல்லா இருக்கு மாமா" என்றாள், அடுத்தவர் குழந்தையைப் பார்த்து அழகு என்று சொல்கிற அதே குரலில்.

அக்கா சமையலறையை விட்டு வெளியே கூட வரவில்லை. அங்கிருந்தே தீர்ப்பு: "அது யாரோ பக்கத்து வீட்டுக்காரன் வாசிக்கிற மாதிரி இருக்கு."

மார்ச் 10, செவ்வாய்

பதினேழு கெப்பாசிட்டர்கள் மாற்றியாயிற்று. உலகத்தில் இன்னும் மூன்றுதான் பாக்கி.

மார்ச் 12, வியாழன்

பட்டாணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். கால் மணி நேரம். பிறகு சொன்னாள்.

"உங்களோடது ரெண்டு காலையும் சரியா வச்சு நடக்குது மாமா. அம்மாவோடது ஒரு காலை இழுத்து இழுத்து நடக்குது. அதுதான் அழகு."

எனக்குள் ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்தது. என் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் காலை எனக்குத் தெரியும். நான்தான் உடைச்சேன். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல, இந்த நோட்டுகிட்ட கூட.

நண்பர்களுக்கு முன்னால் பெரிய ஆளாக வேண்டும் என்று அக்காவைக் கேட்காமலேயே பெடலை எடுத்துக்கொண்டு போனேன். மேடைப் படியில் கை தவறிக் கீழே போட்டேன். மூலை நெளிந்தது. உள்ளே ஜோடியாக இரண்டு கண்ணாடி டயோடுகள் இருக்கும். ஒலியின் மேல்பக்கத்தை ஒன்றும் கீழ்ப்பக்கத்தை ஒன்றும் மழுக்கும். அதில் ஒன்று விரிசல். மறுநாள் அக்காவுக்குப் பெரிய கச்சேரி. வயிற்றில் பட்டாணி, ஐந்து மாதம். ஊர் முழுக்க அலைந்தும் அதே ரகம் கிடைக்கவில்லை. செத்துப்போன ஒரு ரேடியோவிலிருந்து வேறு ரகம் ஒன்றைப் பிடுங்கி, கோணல்மாணலாகச் சால்டர் வைத்து ஒட்டி, சத்தமில்லாமல் அவள் பையில் வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அந்த அரங்கமே எழுந்து நின்றது. என்ன ஒலி, என்ன ஒலி என்று எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பின்வரிசையில் பலமாகக் கை தட்டினேன் — திருடன் வேறு எப்படித் தட்டுவான்?

இப்போது படத்தைப் பார்த்துப் பார்த்து ஒரே மாதிரி இரண்டு டயோடு போட்டிருக்கிறேன். மடையன்.

மார்ச் 14, சனி

பரணில் ஏறினேன். அந்த ரேடியோ இருந்தது! இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைத் தூக்கிப் போடச் சொல்லி மனைவி நடத்திய நானூறு போர்களிலும் நான் வென்றது இந்த ஒரு நாளுக்காகத்தான். இதை அவளிடம் சொன்னேன். "ஒரு திருகாணிக்காக ஒரு வண்டிக் குப்பையா" என்றாள். திருகாணி இல்லை, டயோடு. திருத்தவில்லை. வெற்றி பெற்றவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்.

பழைய ரேடியோவில் அதே ரகத்தில் இன்னொரு டயோடு இருந்தது. மாற்றிவிட்டு, இரவல் கிட்டாரை மாட்டி மிதித்தேன். எனக்கு வாசிக்கத் தெரிந்தது மூன்றே கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு. முதல் கார்டிலேயே அது காலை இழுத்து நடந்து வந்தது, அக்காவுடையதைப் போல.

கண்ணில் சால்டர் புகை.

பெட்டிக்கு அதே நீலம் அடித்தேன். மூலை நெளிவை மட்டும் செய்ய மனம் வரவில்லை. ஒரே குற்றத்தை இரண்டு முறை செய்வதா?

மார்ச் 15, ஞாயிறு

அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பட்டாணி மாற்றி மாற்றி ஆறு தடவை வாசித்தாள். ஆறாவது தடவை முடிந்த பின்னும் அக்கா திரும்பவில்லை. "எது எதுன்னு எனக்கே தெரியல" என்று சுவரிடம் சொன்னாள்.

பட்டாணி கிட்டாரை வைத்துவிட்டு ஓடிப்போய் அம்மாவின் முதுகைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு நாள் தூதனுக்கு வேலை போயிற்று.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. திறக்காமல் எப்படிக் கண்டுபிடித்தாய்? என் மேதைமையைப் பற்றி ஒரு பேருரை தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். வந்தது வேறு. படி, விரிசல், ரேடியோ, பை — எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியும்டா" என்றாள் அக்கா.

நிமிர்ந்தேன்.

"அன்னைக்கு மிதிச்ச உடனே தெரிஞ்சுது யாரோ கை வச்சிருக்காங்கன்னு. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். சால்டர் வச்சிருந்த லட்சணமே சொல்லிடுச்சு, உன் கைதான்னு."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா சரி பண்ணியிருப்ப."

பட்டாணி சிரிக்க ஆரம்பித்தாள். அக்காவும். எனக்கும் சிரிப்பு வந்தது. அது பாதி வழியில் வேறு ஏதோவாக மாறிவிட்டதால் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 21, சனி

பட்டாணி கிளம்பினாள். பெடலை அக்காதான் துணியில் சுற்றி அவள் பையில் வைத்துக் கட்டினாள். நான் அவள் துணிப்பெட்டியைத் தூக்கினேன். யானையை இறக்கி வைத்த மாதிரி தோள் வலி.

மார்ச் 29, ஞாயிறு

அக்கா வீட்டுப் படியேறும்போதே கேட்டது. உள்ளே மேசையில் டம்ளரில் சாய்த்து வைத்த போன்; போனில் பட்டாணி. அங்கிருந்து அவள் நாலு சுரம் வாசித்தாள், இங்கிருந்து அக்கா நாலு சுரம். இரண்டும் காலை இழுத்துக்கொண்டு ஒன்றின் பின்னால் ஒன்றாக நடந்தன.

அக்காவின் காலடியில் நீலப் பெட்டி. குனிந்து பார்த்தேன். மூலையில் நெளிவு இல்லை.

அக்கா நான் பார்ப்பதைப் பார்த்தாள். வாசிப்பதை நிறுத்தவில்லை.