தாய்க்கட்டைக்குப் போடாத கரிக்கோடு

அக்கா,

உங்கள் போனை இன்று காலை குப்பையில் வீசப் போனேன். எடுத்ததும் அதன் பின்பக்கம் விரலில் ஒட்டியது. உங்கள் கையிலிருந்த தேனீப் பிசின். முகர்ந்தால் அதே புளிச்ச வாசம். வீச முடியவில்லை. அதனால் கோபம்தான் கூடியது.

உங்கள் மகன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும்போது இதை என் கையில் திணித்தான். "தேனீ குரூப்ப நீங்க பாத்துக்குங்க ஆன்ட்டி." நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கலிமந்தான்காரர், கேரளாக்காரர், தாய்லாந்துக்காரர் என்று யார் யாரோ நாள் முழுக்க அதில் பேசுகிறார்கள். நீங்கள் செத்ததற்கு ஆளாளுக்குப் பூப்படம் போட்டார்கள். மலேசியாவில், இந்தப் பெக்கோக்கில் இத்தனை வருஷம் உங்களோடு கெலுலுட் என்கிற கொடுக்கில்லாத தேனீ வளர்த்தவள் ஒருத்தி இருக்கிறாளே என்று ஒருவரும் கேட்கவில்லை.

"தேனீக்குப் பாஸ்போர்ட் கிடையாது லா" என்பீர்கள்.

"தேனீக்கு வேணாம்க்கா. வர்றவங்களுக்கெல்லாம் டீ போட்டு என் முதுகுதான் ஒடியுது" என்பேன்.

சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பே எனக்கு ஆகாது.

வெள்ளம் வந்த வருஷம் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். நாம் முதலில் வாங்கிய, தேனீ உள்ளே கூடு கட்டியிருந்த மரக்கட்டை, மற்ற கூடெல்லாம் எதிலிருந்து பிரித்தோமோ அந்தத் தாய்க்கட்டை, முழுக்க நனைந்துபோனது. கலிமந்தான்காரர்தான் மூன்று நாள் வீடியோவில் உட்கார்ந்து, இதைத் துடை, அதைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லி அதைப் பிழைக்க வைத்தார்.

போன வருஷம் அவரே நேரில் வந்தார், கூட நாலு பேர். கட்டைகளை வெயிலில் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம்.

"பகல்ல தூக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மேய்ச்சலுக்குப் போனது திரும்பி வந்து எங்க போகும்?" என்றேன்.

"பத்து நிமிஷம்தான். கட்டையத் தூக்கு, மூஞ்சியத் தூக்காத" என்றீர்கள். அத்தனை பேருக்கும் முன்னால்.

கட்டையைத் தொடுவதற்கு முன்னால் கட்டையையும் அதன் இரும்புத் தாங்கியையும் சேர்த்து ஒரு கரிக்கோடு இழுப்பது நம் வழக்கம். திரும்ப வைக்கும்போது கோடு சேர வேண்டும். அன்று கரி என் கையில்தான் இருந்தது. நான் கோடு போடவில்லை. வீம்பு.

படம் எடுத்து முடிந்ததும் கட்டைக்கு ஒரு முனை அவர், ஒரு முனை நான். எது எந்தத் தாங்கிக்கு என்று நான்தான் காட்டினேன். தாய்க்கட்டையும் பக்கத்துக் கட்டையும் இடம் மாறிவிட்டன. மேய்ச்சலுக்குப் போனவை பழைய இடத்துக்கு வந்து வேற்றுக் கூட்டுக்குள் நுழைந்தன. மறுநாள் தரையெல்லாம் சோடி சோடியாக ஒன்றையொன்று கடித்தபடி செத்துக் கிடந்தன. கொடுக்கு இல்லாத தேனீக்கு வேறு எப்படிச் சண்டை போடத் தெரியும்? மாதம் முடிவதற்குள் தாய்க்கட்டை காலி.

"உங்க விருந்தாளிதான் மாத்தி வச்சாரு" என்றேன்.

நம்பினீர்கள். அவரிடம் கேட்டீர்கள். கவனிக்காதது தன் தப்புதான் என்று அந்த மனுஷன் சொல்லிவிட்டார். நான் கை காட்டியது அவருக்குத் தெரியும், அக்கா. அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நீங்கள் அவரோடு பேச்சை நிறுத்தினீர்கள். எனக்கு அப்போது நன்றாகத்தான் இருந்தது. தீபாவளி போய்ப் பொங்கல் வருவதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள். கேட்காமலே போவீர்களா? என் முகத்தைப் பார்த்தாவது கண்டுபிடித்திருக்கக் கூடாதா?

இன்று காலை போனில் அவர் குரல். சனிக்கிழமை வருகிறாராம். தாய்க்கட்டை இருந்த இடத்தில் நின்று உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதைக் கேட்டுத்தான் போனை வீசப் போனேன்.

வரட்டும். கேட்டைத் திறப்பேன், டீ போடுவேன். அந்த வெறும் தாங்கிக்கு முன்னால் அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். திட்டாமல் நின்றால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கரித்துண்டு என் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. கட்டையைத் தொடாத நாளிலும் விரல் கறுத்துத்தான் இருக்கிறது.