லாஸ்ட் என்று சொல்ல வேண்டும்

மே 6, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. துணி காயவில்லை. கிளாவரை கிராமத்துக்காரி தந்த பூண்டும் ஈரம்.

இவருக்கு மிஷன் பள்ளி விடுதியில் வார்டன் வேலை கிடைக்கலாம். சனிக்கிழமை பிரின்சிபால் வீட்டில் டீ. மனைவியும் வர வேண்டுமாம். ஆகவே எனக்கு இங்கிலீஷ் பாடம். லுக், ஸீ, வாட்ச் மூன்றும் வேறு வேறாம். எனக்கு மூன்றும் பார்ப்பதுதான்.

மே 7, புதன்

இவர் பிரின்சிபால் மனைவி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷில் கேட்டார்: எத்தனை குழந்தைகள்?

பாப்பா தவறிப்போச்சு என்று மனதில் நினைத்து, "ஐ மிஸ்டு மை சைல்ட்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். "மிஸ் பண்ண அதென்ன வத்தலக்குண்டு பஸ்ஸாடி? செத்துப்போனா லாஸ்ட்னு சொல்லணும்."

"லாஸ்ட்னா தொலைஞ்சதுன்னு நேத்து சொன்னீங்களே?"

"ரெண்டுக்கும் அதான். சொல்லு."

பூண்டு உரித்தபடி சொன்னேன். உச்சரிப்பு சரியாகும்வரை விடவில்லை.

போன ஐப்பசியில் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது, மழை விடட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றவர் இவர்தான்.

மே 9, வெள்ளி

மண்ணெண்ணெய் தீர்ந்தது. நீலப் பட்டில் பூச்சி அரித்த ஓட்டை. மடிப்பில் மறைக்கலாம்.

மறுபடி ஒத்திகை. "லாஸ்ட்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்க. அந்தம்மா மனசு இளகிரும். வேலை நமக்குத்தான்." எவ்வளவு குனிய வேண்டும் என்றும் காட்டினார்.

மே 10, சனி

நல்ல வெயில். கேக்கில் முட்டை வாடை. பிரின்சிபால் மனைவி தன்மையான அம்மாள். கேட்டுவிட்டார். இவர் கண் என்மேல்.

"நோ சில்ட்ரன்" என்றேன்.

"எப்போதுமே இல்லையா?"

"நெவர்."

இவர் சர்க்கரை போட்ட டீயிலேயே மறுபடி சர்க்கரை போட்டார். அதைப் பார்க்க நன்றாக இருந்தது. பாப்பாவைப் பெறாதவளாகிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஏரிக்கரையில் வைத்துக் கேட்டார். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"எந்த வார்த்தைங்க தப்பு?"



மே 12, திங்கள்

தூறல். வேலை கிடைத்துவிட்டது. பிள்ளையே பெறாத தம்பதியாகத்தான் தேடினார்களாம். அப்போதுதான் விடுதிப் பையன்கள்மேல் பாசம் முழுசாக இருக்குமாம்.

அல்வாவோடு வந்தார். "லாஸ்ட்னு சொல்லியிருந்தா, இவ எந்நேரமும் அழுதுக்கிட்டுக் கெடப்பான்னு வேணாம்னு சொல்லியிருப்பாங்க. நெவர்! எனக்கே தோணலை பாரு."

கல்யாணமான பிறகு முதல் தடவையாக என் இங்கிலீஷைப் புகழ்ந்தார்.

வெள்ளிக்கிழமை விடுதிக்குக் குடிபோகிறோம். இனி யார் கேட்டாலும் நெவர் என்றே சொல்ல வேண்டுமாம்.