வாசலில் நிற்காதே

பட்டாபிராம்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள அருள்மொழிக்கு,

உன் வீட்டுக்காரன் டில்லிபாபு எழுதிக்கொள்வது. நான் நலம். அத்தையும் நலம். கோலை ஊன்றிக்கொண்டு தெருமுனைக் கடைவரை தனியாகப் போய், தக்காளி அழுகல் என்று கடைக்காரனோடு சண்டையும் போட்டுவிட்டு வருகிறார் என்றால் உன் அம்மா நலம்தானே. உன் நலம் எப்படி என்று கேட்கத்தான் மூன்று நாளாகப் போன் போடுகிறேன். மகாராணி எடுத்தால்தானே! உன் அறைத்தோழி நிவேதிதாவின் தம்பி ஜெகதீஷ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை லண்டனுக்கு விமானம் ஏறுகிறான். அத்தை அரைத்த மிளகாய்த்தூளும் பருப்புப்பொடியும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பையிலேயே இந்தக் கடிதமும் வரும். பொடியைத் திறப்பதற்கு முன் இதைப் படி.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், போடட்டுமா வேண்டாமா என்று கேட்டாய். நான் "உன் இஷ்டம்" என்றேன். "என் இஷ்டம்னா உன்னாண்ட இன்னாத்துக்குய்யா கேக்கறேன்" என்று வைத்துவிட்டாய். நியாயம்தான். ஆனால் அன்றைக்குக் காலையில்தான் ஒரு செய்தி வந்திருந்தது. அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. விசா இந்தத் தடவையும் கிடைக்கவில்லை அருளு.

உன் மாதிரி வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்காரனைக் கூட்டிக்கொள்ளக் கூடாது என்று சட்டம் ஆகிவிட்டது, சரி. இரண்டு வாரம் விருந்தாளியாக வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றுதானே கேட்டேன்? அம்பத்தூரில் விசா வேலை பார்த்துக் கொடுக்கிற திருமுருகன், போகிற காரணம் என்ன என்று கேட்டான். என் மனைவியோடு உட்கார்ந்து ஒரு மியூசிகல், அதாவது பாட்டாகவே நடிக்கிற மேடை நாடகம், பார்க்க வேண்டும் என்றேன். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "சார், சும்மா ஊர் சுத்திப் பாக்கன்னு போட்டுக்கலாம் சார், டிராமா பாக்க எவன் சார் ஏரோப்ளேன் ஏறுவான்" என்றான். நான் விடவில்லை. உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக எழுதச் சொன்னேன். இப்போது விசாக்காரர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? நான் திரும்பி வருவேன் என்பதில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். இரண்டு நாள் அவர்களைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் திருமழிசை கம்பெனியில் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது யோசித்தேன். அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? உன்னைக் கண்ணால் பார்த்த பிறகு நான் ஏன் திரும்பி வரப்போகிறேன்?

நிவேதிதா போன வாரம் பேசினாள். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். வேலை முடிந்து பஸ்ஸுக்கு வரும் வழியில் மியூசிகல் போடுகிற அந்தப் பெரிய தியேட்டர் வாசலில் நீ நிற்பாயாம். சனிக்கிழமை மதியக் காட்சி விட்டு ஜனம் வெளியே வரும்போது அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பாயாம். அவள் உள்ளே போகலாம் வா என்று எத்தனையோ முறை இழுத்துப் பார்த்தாளாம். "அவரு வந்தாத்தான் உள்ள கால் வைப்பேன்னு சொல்லிட்டு வந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவாயாம். போனை வைத்த பிறகு அன்றைக்கு என்னால் சோறு தின்ன முடியவில்லை. ஒருவர் இல்லாமல் ஒருவர் மியூசிகல் பார்ப்பதில்லை என்று விமான நிலையத்தில் ஏதோ அழுகை வேகத்தில் இரண்டு பேரும் சத்தியம் செய்துகொண்டது. அதற்காக இப்படியா? வெளியே வருகிறவர்கள் முகத்தில் என்னடி தெரியும்?

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை உடைப்பது என்று முடிவு செய்தேன். ஒருவர் உடைத்துவிட்டால் இன்னொருவருக்கு விடுதலைதானே. நேற்று சேத்துப்பட்டுப் பக்கம் நாம் வழக்கமாகப் போகும் அதே அரங்கத்தில் பெரிய மியூசிகல் ஒன்று வந்திருந்தது. இரண்டு டிக்கெட் எடுத்தேன். உன் நாற்காலி காலியாக இருந்தால் பாதியில் எழுந்து ஓடிவந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். வேம்புலி அண்ணன் ஆட்டோவில் பூந்தமல்லி சாலை முழுக்கக் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். இடுப்பு எலும்பு உடைந்து ஆறு மாதம்கூட ஆகாத அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போகலாமா என்று கத்தாதே. அவர் வழியெல்லாம் வேம்புலி அண்ணனின் குடும்பக் கதை முழுவதையும் பிடுங்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் வந்தார்.

அரங்க வாசலில் நின்றபோது நமது முதல் தடவை ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். அப்போது நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா, தன்னால் போக முடியவில்லை என்று பாஸ் கொடுத்தார். டிராமா என்றால் நமக்குத் தெரிந்தது கோயில் திடலில் போடுவதுதானே. உட்காரப் பெட்ஷீட், தூக்கில் புளிசாதம், கொசுவர்த்தி எல்லாம் எடுத்துக்கொண்டு போய் நின்றோம்! காவலாளி கொசுவர்த்தியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தானே, அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ மட்டும் அசரவில்லை. "ஏசில குளுராதா இன்னா" என்று பெட்ஷீட்டை மட்டும் உள்ளே கொண்டு வந்துவிட்டாய். ஒரே பெட்ஷீட்டுக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து மேடையில் நிஜ மழை பெய்ததைப் பார்த்தோம். நான் வால்வு செய்கிற கம்பெனிக்காரன், அத்தனை தண்ணீரும் எங்கே வடிகிறது என்றே இடைவேளை வரை தேடிக்கொண்டிருந்தேன். "பாட்டக் கேளுய்யா" என்று நீ தொடையில் அடித்தாய். தண்ணீர் போன வழி கடைசிவரை எனக்குத் தெரியவே இல்லை.

சரி, நேற்றைய கதை. ஒரு துறைமுக ஊர், ஒரு ரொட்டிக்கடைக்காரி, ஒரு கப்பல்காரன். பாட்டெல்லாம் ஆங்கிலம். அத்தைக்கு ஒரு சொல் புரியாது, ஆனால் ஒன்றும் விட்டுப்போகவும் இல்லை. விளக்கு அணைந்து, மேடைக்குக் கீழே பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்க ஆரம்பித்ததும் "இன்னா மாப்ள, கரண்டு பூட்ச்சா" என்றார். கப்பல் வந்தது அருளு! நிஜக் கப்பலின் உயரம். பின்னாலிருந்து மெதுவாகத் திரும்பி நம் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. கப்பலின் மேல்தளம் முழுக்க ஆட்கள். அத்தனை பேரும் ஒரே மூச்சில் பாட ஆரம்பித்ததும் நாற்காலியே அதிர்ந்தது. உனக்குத் தெரியும் அந்த இடம். சினிமாவில் ஆயிரம் பேர் ஆடினாலும் வராதது அது. நம் எதிரே, நம் காற்றையே இழுத்து, வேர்வை சொட்டச் சொட்ட மனிதர்கள் பாடுகிறார்கள் என்கிற அந்தச் சந்தோஷம். கப்பல்காரன் பெட்டியைத் தூக்கியதும் அத்தை பொறுக்க முடியாமல் "அடப்பாவி, உட்டுட்டுப் போறியேடா" என்று கத்திவிட்டார். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் பிரசங்கம் கேட்பவன் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில்தான் அந்தப் பேச்சு. விளக்கு வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, மறைக்காம சொல்லு. இத்தப் பாக்கத்தான் நீயும் அவளும் சனிக்கெழமை ஆனா ரயிலேறிகினு போனீங்களா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டிராமாவுக்குக் காசு கொட்டுகிறார்கள் என்று ஊர் சிரிக்கும் என்பதால் டவுனில் ஒரு வேலை என்றுதானே வீட்டில் சொல்லிவிட்டுப் போவோம். அத்தை சொன்னார்: "நான் இன்னாடான்னா, கொயந்தைக்கோசரம் பெரிய டாக்டராண்ட போயிகினு கீறீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். திரும்பி வரசொல்ல ரெண்டு பேரும் சிரிச்சிகினே வருவீங்க. டாக்டர் எதுனா நல்ல சேதி சொல்லியிருப்பாருன்னு நானும் வாயத் தொறந்து கேக்கல. நீங்க போற அன்னிக்கெல்லாம் நான் கவுச்சி தொட மாட்டேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைத்தாராம். எல்லாம் நாம் மியூசிகல் பார்க்கப் போனதற்கு! அவரும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. நாம் டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம், கடன் முடியட்டும், நீ லண்டன் போய் வந்த பிறகு பார்க்கலாம் என்று நாம்தான் தள்ளித் தள்ளி வந்தோம். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல மாப்ள, நல்லாத்தான் கீது, இதுக்குப் போனதும் தப்பில்ல" என்றார். பிறகு எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். அவர் காசில்.

இரண்டாம் பாதியில் ரொட்டிக்கடைக்காரி தனியாக நின்று ஒரு பாட்டுப் பாடினாள். வேறு யாரும் மேடையில் இல்லை. ஒரே ஒரு வெளிச்சம். மெதுவாக ஆரம்பித்து, ஏறி ஏறி, அரங்கம் முழுவதையும் நிறைத்துவிட்டாள். பாட்டு முடிந்த அடுத்த நொடி நான் பக்கத்தில் திரும்பி, "அருளு, பாத்தியா!" என்று சொல்லியே விட்டேன். "பாத்தேன், பாத்தேன்" என்றார் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. யாரைக் கூப்பிட்டேன் என்று அவருக்கும் தெரியும்.

ஆக, சத்தியம் உடைந்துவிட்டது. உடைத்தவன் நான். இனி நீ அந்த வாசலில் நின்றுகொண்டு வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. இந்தச் சனிக்கிழமையே உள்ளே போ. நல்ல டிக்கெட்டாக எடு. கணக்குப் பார்த்துத் தூணுக்குப் பின்னால் போய் உட்காராதே. தனியாகப் போகிறோமே என்று ஓரத்து நாற்காலி கேட்காதே, நடுவில் உட்கார். மாசி மாதம் பத்து நாள் லீவில் வந்தாய், பத்து நாளும் அத்தைக்காக ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே போய்விட்டது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீகூடக் குடிக்கவில்லை. அந்த லீவையாவது அங்கே உட்கார்ந்து அனுபவி. விளக்கு அணைந்த பிறகு அழுகை வந்தால் அடக்காமல் அழு. இருட்டில் யாருக்கும் தெரியாது, நேற்று நான் அழுததும் தெரியவில்லை.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். கையெழுத்துப் போடாதே.

அத்தையைச் சாக்குச் சொல்லலாம். அவர் நன்றாக இருக்கிறார், சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன் இன்னும் இருக்கிறது, உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ வந்தால் அது மெதுவாகத்தான் அடையும். அடையட்டுமே. நான் இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன், நீ பழைய ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார். எனக்கு நாற்பத்திரண்டு ஆகப்போகிறது. உனக்கும் வயது நிற்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் என்பது காகிதத்தில் ஒரு வரிதான். அந்த இரண்டு வருடத்தைத் திருப்பி வாங்க எந்தக் கடையும் கிடையாது. மற்றதெல்லாம் கடவுள் கொடுத்தால் கொடுக்கட்டும், கொடுக்காவிட்டால் போகட்டும். எனக்கு நீ வேண்டும். பக்கத்தில் வேண்டும்.

நான் கேட்பது தப்பாக இருந்தால் கையெழுத்துப் போட்டுக்கொள், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதத்தான் இந்தக் கடைசித் தாளை எடுத்தேன். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? கோபித்துக்கொள்வேன். வந்துவிடு அருளு.

இங்கேயே இருக்கும்,
உன் டில்லிபாபு.